கோட்டுக்கு மேல

எங்கள் ஆபீசில் இரண்டே இடங்கள்தான். கிழக்குப் பக்கம் ஹால், மேற்குப் பக்கம் ரூம், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், பஸ்கள் ஒன்றையொன்று ஹாரன் அடித்தே தள்ளிக்கொண்டு போகிற சாலையில், ஒரு மருந்துக்கடையின் தலைமேல் முதல் மாடி. ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் கையால் எழுதிய இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களைப் பார்த்து டைப் அடிப்போம். கண் காணாத ஊரில் யாருக்கு நெஞ்சுவலி, யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் எங்களுக்கு அத்துபடி. நாங்கள் அடித்தது அதற்குப் பிறகு எங்கே போகிறது, என்ன ஆகிறது என்பது மட்டும் தெரியாது. அது ரூமில் இருக்கிறவர்கள் சமாச்சாரம். ரூமில் ஏசி உண்டு. ஹாலில் ஃபேன், அதுவும் ஒன்று ஓடினால் ஒன்று ஓடாது.

நான் ராதாபுரத்துக்காரி. பாளையங்கோட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஹாலுக்கு வேலைக்கு வந்தேன். சாயங்காலங்களில் ஜங்ஷன் பக்கம் ஒரு இடத்தில் கோபால் படித்தேன். அது ஒரு கம்ப்யூட்டர் மொழி. ஊருக்குப் போன் போட்டு, அப்பா, நான் கோபால் படிக்கேன் என்று சொன்னபோது அப்பா, யார் அந்தப் பையன் என்று கேட்டார். அதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ரூபாய்க் காசெல்லாம் தீர்ந்துவிட்டது.

படித்து முடித்ததும் என் வாய் சும்மா இருக்குமா. எனக்கும் ரூமில் வேலை வேண்டும் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். மெட்ராஸில் இருந்த பெரிய சாரை நாங்கள் யாரும் நேரில் பார்த்தது கிடையாது, போனில் குரல் மட்டும்தான். என் தொல்லை தாங்காமல் அவர், சரி, ஜூலை வரைக்கும் ரூமில் உட்காரட்டும், சரிப்பட்டால் அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஹாலுக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டார். ஹாலிலிருந்து ரூமுக்குப் போன முதல் பெண் நான். போன அன்றைக்கு ஹாலில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதில் சந்தோஷமும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. சந்தோஷம் மட்டுமே பட்டவள் மேலப்பாளையத்திலிருந்து வருகிற அக்கா ஒருத்திதான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், பக்கத்து நாற்காலிக்காரி. என் பழைய நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடாமல் தன் பையை அதில் வைத்துவிட்டாள். நீ திரும்பி வருவாய் என்பதற்காக இல்லை, உன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தால் என்னால் பார்க்க முடியாது, அதற்காக என்றாள்.

திரும்பி வருவதற்கும் அங்கே ஒன்றும் இருக்கப்போவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வருஷக் கடைசியோடு ஹாலை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தது. வெளிநாட்டில் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரே படித்துக்கொள்ளுமாம், விரல்கள் தேவையில்லையாம். அப்படியென்றால் எனக்கு ரூம், அது இல்லையென்றால் ராதாபுரம் பஸ். ராதாபுரத்தில் பனை உண்டு, காற்று உண்டு, கோபால் படித்தவளுக்கு வேலை கிடையாது. அந்த நாற்காலியை நான் எவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ரூமுக்குத் தலைவராக மெட்ராஸிலிருந்து ஒரு சார் வந்தார். முப்பது வயது இருக்கும். கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எப்போதும் வேகம். பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார். ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் தங்கி, வெள்ளிக்கிழமை ரயிலேறி, திங்கட்கிழமை ரயிலிலிருந்து நேராக ஆபீஸ் வருவார். நான் சரிப்படுவேனா மாட்டேனா என்று பெரிய சாருக்குச் சொல்லவேண்டியவரும் அவர்தான்.

வேலை இதுதான். இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, பழைய புரோகிராம்களில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் எழுதியிருந்தார்கள், அதையெல்லாம் நாலு இலக்கமாக்க வேண்டும். ரூமிலிருந்த இரண்டு பையன்கள் அதைச் செய்தார்கள். மாற்ற மாற்றப் புரோகிராம்கள் ஊதிப் பெருத்தன. அவை ஓடுகிற பெரிய கம்ப்யூட்டர், மெயின்ஃப்ரேம், மெட்ராஸில் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு டெலிபோன் லைனும் அதன் முனையில் சில திரைகளும்தான். அந்தப் பெரிய கம்ப்யூட்டரின் மெமரிக்குள் ஒரு கோடு உண்டு. கண்ணால் பார்க்கிற கோடு இல்லை, கணக்குக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய சின்ன இடம், அந்தப் பக்கம் புதிதாகச் சேர்த்த பெரிய இடம். பழைய காலத்துப் புரோகிராம்களுக்கு அந்தச் சின்ன இடம் மட்டும்தான் தெரியும். அவற்றைக் கொண்டுபோய்ப் பெரிய இடத்தில் வைத்தால் முகவரியைப் பாதியாக வெட்டிப் படித்துவிட்டு, ஆயிரத்துப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்குப் போகவேண்டியவன் பன்னிரண்டாம் நம்பர் கதவைத் தட்டுகிற மாதிரி எங்கேயோ போய்த் தட்டும். அவ்வளவுதான், எல்லாம் பாதியில் செத்து விழுந்துவிடும். அதை எங்கள் ரூமில் ‘படுத்துட்டு’ என்போம்.

துண்டு துண்டாக இருக்கிற புரோகிராம்களை ஒன்றாகக் கோக்கும் வேலைக்கு லிங்க் என்று பெயர். கோக்கும்போதே ஒவ்வொன்றும் எங்கே குடியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ‘இருபத்து நாலு’, அதாவது பழைய முகவரியின் நீளம், என்று போட்டால் அந்தப் பழைய சின்ன இடத்தை விட்டு நகராது. ‘எனி’, அதாவது எங்கே வேண்டுமானாலும், என்று போட்டால் கோட்டைத் தாண்டிப் பெரிய இடத்துக்குப் போய்விடும். ஊதிப்போனவற்றையெல்லாம் அங்கே அனுப்பினால்தான் சின்ன இடத்தில் மூச்சு விட முடியும். அந்த லிங்க் வேலையை சார் எனக்குக் கொடுத்தார். என் பரீட்சை அதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

எது எங்கே என்பதைக் காட்ட, பிரிண்டர் பேப்பரை நீளமாகக் கிழித்து, ரூமின் வடக்குச் சுவரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒட்டினார். அதுதான் மெமரி என்றார். நடுவில் சிவப்பு மையால் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தார். அதுதான் அந்தக் கோடு. புரோகிராம் பெயர்களைச் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி, கோட்டின் இரண்டு பக்கமும் குத்தினார். பெயர்களைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, எல்லாம் எட்டெழுத்து மொட்டைப் பெயர்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டே, லைனுக்கு மேலே இருக்கறதுக்கு எனி, கீழே இருக்கறதுக்கு இருபத்து நாலு என்று சொன்னார். எண் எதுவும் எழுதவில்லை. எந்த முனை சைபர், எந்த முனை கடைசி என்று ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன்.

சனிக்கிழமை முழுக்க அந்தச் சுவருக்கு எதிரே நின்று, சீட்டு சீட்டாகப் பார்த்து எழுதினேன். ஒன்று கூட விடவில்லை. ரூமிலிருந்த பையன்களில் ஒருத்தன் அம்பாசமுத்திரத்துக்காரன், அன்றைக்கு அவனும் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு, என் பட்டியலையும் சுவரையும் ஒத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றான். அப்படியும் மனசு ஆறவில்லை. பரீட்சையாயிற்றே. மெட்ராஸில் சாருடைய வீட்டுக்கே போன் போட்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

“சார், கோட்டுக்கு மேல இருக்கதெல்லாம் எனிதான?”

“ஆமாம்மா.”

“கீழ இருக்கதுக்கெல்லாம் இருபத்து நாலு?”

“ஆமா, ஆமா. அவ்ளோதான். தைரியமா போடுங்க.”

தைரியமாகப் போட்டேன். ஹாஸ்டலுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பெண்களெல்லாம் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம்.

திங்கட்கிழமை காலையில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சோதனை ஓட்டம். மதியத்துக்குள் முடிவு அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். நான் சீக்கிரமே வந்து முதல் வேலையை ஓட விட்டேன். படுத்துட்டு. அடுத்தது. அதுவும் படுத்துட்டு. அதற்கடுத்ததும். திரையில் ஒரே மாதிரி பிழைக் குறி, சீரோ சி நாலு, சீரோ சி நாலு என்று வரிசையாக.  அம்பாசமுத்திரத்துக்காரன் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்கே போய்விட்டான். மெட்ராஸ் மெஷினில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று என்னையே நான் தேற்றிக்கொண்டிருந்தபோது சார் வந்துவிட்டார். தோளில் ரயில் பை, கன்னத்தில் இரண்டு நாள் தாடி.

திரையைப் பார்த்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுதியிருந்த லிங்க் வரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் காது சிவந்தது.

“எல்லாமே தலைகீழா இருக்கும்மா. எல்லாமே. ஒண்ணு ரெண்டு தப்புன்னாக்கூட மன்னிக்கலாம். லைனுக்கு மேலே எது கீழே எதுன்னே தெரியாம என்ன வேலை செஞ்சீங்க?”

நீங்கள் சொன்னபடிதான் போட்டேன் சார் என்றேன். மேல இருப்பதற்கு எனி, கீழ இருப்பதற்கு இருபத்து நாலு. அதைத்தானே நானும் சொன்னேன் என்றார் அவர். அதைத்தானே நானும் போட்டேன் என்றேன் நான். இப்படியே கொஞ்ச நேரம். அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே வார்த்தை, ஆனால் அவர் சரி, நான் தப்பு. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சுவரைப் பாருங்கள் சார் என்று கையைக் காட்டினேன். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவருக்கு ஒன்று தெரிந்தது, எனக்கு வேறொன்று தெரிந்தது.

அப்போது போன் அடித்தது. பெரிய சார். சார் கதவைக்கூடச் சாத்தாமல், புதுப் பெண் எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டுவிட்டாள், ஹாலிலிருந்து எடுத்ததே தப்பு, திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று நான் கேட்கக் கேட்கச் சொன்னார். போனை வைத்துவிட்டு, நீங்க ஹாலுக்குப் போயிடுங்க, நான் பாத்துக்கறேன் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். ஹாலில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா என் நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்தாள். அவள் அதை எடுத்த விதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. என்னடி ஆச்சு என்று கேட்டாள். நான் ஒரு தப்பும் செய்யவில்லை அக்கா என்றேன்.  அவள் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு டைப் அடிக்கப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார உட்கார அழுகை போய்க் கோபம் வந்தது. அவர் வீட்டில் பிள்ளை அழுகிற நேரத்தில் போன் போட்டுக் கேட்டவள் நான். எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தவள் நான். எதில்தான் தப்பு என்று தெரியாமல் ராதாபுரத்துக்குப் பஸ் ஏற மாட்டேன் என்று எழுந்தேன். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். சார் பாத்ரூம் பக்கம் போயிருந்தார், ரூமில் அவர் இல்லை. உள்ளே போய்ச் சுவருக்கு எதிரே நின்றேன். சீட்டுகளைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

அந்த நேரத்தில் சார் ஹாலுக்குள் வந்து என்னைத் தேடியிருக்கிறார். லிங்க் வரிகளைத் திருத்த வேண்டும், அவற்றை எந்தப் பெயரில் சேமித்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கே அந்தப் பெண் என்று கேட்டிருக்கிறார். அக்கா தலையைத் தூக்காமலே, மேல ரூம்ல இருக்கா சார் என்று சொல்லியிருக்கிறாள். சார் படியேறி மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

கத்திரி வெயில். மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் கட்டடத்துச் சொந்தக்காரம்மா வேட்டி விரித்துக் காயப்போட்டிருந்த கூழ்வடகம். சார் தொட்டிக்குப் பின்னாலெல்லாம் போய்த் தேடியிருக்கிறார். நான் அழுதுகொண்டு எதையாவது செய்துவிடுவேனோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார். கைப்பிடிச் சுவரோரம் வரைக்கும் போய்த் தெருவை எட்டிப் பார்த்திருக்கிறார். திரும்பும் அவசரத்தில் வடகத்தை மிதித்துவிட்டார். சொந்தக்காரம்மா பக்கத்தில் இருந்த தன் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டாள், அவள் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரரே வெளியே வந்துவிட்டார்.

சார் ஹாலுக்குள் திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது, ஒரு செருப்பில் வடகம் ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. மேலே யாருமே இல்லையே, மேலே இருக்கான்னு சொன்னீங்களே என்றார். நான் ரூமுக்குள்ளிருந்து அந்தக் குரலைக் கேட்டேன்.

“மேல ரூம்னுதான சார் சொன்னேன். இதா இங்கன, மேக்க இருக்க ரூம்லதான் நிக்கா” என்றாள் அக்கா.

“மேக்கன்னா?”

“மேற்கு சார்.”

நான் சுவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தேன். வடக்குச் சுவர். இடது கைப் பக்கம் மேற்கு. எங்களுக்கு அது மேல. வலது கைப் பக்கம் கிழக்கு, அது கீழ. பிறந்ததிலிருந்து அப்படித்தான். மேலத்தெரு, கீழத்தெரு, மேலரத வீதி, கீழரத வீதி. சோற்றுத் தட்டில்கூட, கறியைக் கொஞ்சம் மேல தள்ளி வை என்று சொல்கிற ஊர். சார் சுவரில் எழுதாத சைபர் இடது முனையில் இருந்தது. சின்ன இடம், பழைய புரோகிராம்களின் இடம், எண் குறைந்த பக்கம் என்பதால் அவருக்கு அது கோட்டுக்குக் கீழே. எனக்கு அது கோட்டுக்கு மேல. அவர் கீழே என்றதை நான் மேல என்று படித்திருக்கிறேன், ஒன்று விடாமல். அம்பாசமுத்திரத்துக்காரனும் அப்படித்தான் படித்திருக்கிறான், பிறகு எப்படி அவன் சரி என்று சொல்லாமல் இருப்பான்.

வாசலுக்கு ஓடிப்போய் சார் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சுவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். இந்தப் பக்கம் எங்களுக்கு மேல சார், இந்தப் பக்கம் கீழ என்றேன். அவருக்கு ஏறவில்லை. கம்ப்யூட்டர்ல ஏதும்மா கிழக்கு மேற்கு என்றார், மேலேன்னா மேலேதானே, இதுல என்ன இருக்கு.

“அப்ப மேலப்பாளையம் என்ன மொட்டை மாடியிலயா சார் இருக்கு?”

ஹாலில் ஃபேன் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு கேட்டது. சார் சிரிக்கவில்லை. செருப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சனிக்கிழமை போன்ல நீங்க கேட்டப்ப என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டு, உக்காருங்க, மாத்துங்க என்றார்.

மாற்றினேன். எனி இருந்த இடத்தில் இருபத்து நாலு, இருபத்து நாலு இருந்த இடத்தில் எனி. வரி வரியாக. அவசரத்தில் புதிதாக ஒரு தப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தேன். சார் என் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் ம் போட்டார். திரும்பக் கோத்தோம். முதல் வேலையை ஓட விட்டோம். மெட்ராஸ் லைன் அன்றைக்கென்று அப்படி மெதுவாக இருந்தது. திரை கறுப்பாக நின்றுகொண்டே இருந்தது. கதவுப் பக்கம் அக்கா வந்து நின்றாள். துவா செய்யுதேன், பயப்படாத என்று உதட்டால் மட்டும் சொன்னாள்.  கடைசியில் திரையில் சைபர் வந்தது, பிழை எதுவும் இல்லாமல் ஓடி முடிந்தது என்று அர்த்தம். வேறெங்கேயும் சைபரைப் பார்த்து நான் அப்படிச் சந்தோஷப்பட்டது கிடையாது. அடுத்ததும் சைபர். அதற்கடுத்ததும். அம்பாசமுத்திரத்துக்காரன் தன் மேஜையில் தாளம் போட்டான். மதியத்துக்குள் முடிவை அனுப்பிவிட்டோம்.

பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பெரிய சாரின் போன் வந்தது. சார் நடந்ததை விளக்கினார். இங்கே இவர்கள் பேச்சு வேறு மாதிரி, மேல என்றால் மேற்கு என்று, நான் படத்தில் எண் போடவில்லை என்று. நேர்மையாகத்தான் சொன்னார், அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் ஏற ஏற இவருடைய எஸ் சார், எஸ் சார் சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். விஷயம் இதுதான். காலையில் எல்லாம் படுத்ததை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள், காரணம் கேட்கிறார்கள். ஒரு புதுப் பெண் கவனக்குறைவாகச் செய்துவிட்டாள், திருத்திவிட்டோம் என்றால் விட்டுவிடுவார்களாம். திருநெல்வேலியில் இருக்கிறவர்கள் சொல்வதும் மெட்ராஸில் இருக்கிறவர்கள் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிர் என்று தெரிந்தால், செய்த வேலை அத்தனையையும் சந்தேகப்பட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். தப்பு என்னுடையதுதான் என்று நானே பெரிய சாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், அவருக்கு அதை என் வாயால் கேட்க வேண்டுமாம்.

“ஒரே ஒரு வார்த்தைதாம்மா. குழப்பமாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்களை இங்கயே வெச்சுக்கச் சொல்லி நான் இப்பவே கேட்டு வாங்கிடறேன். சொல்லலைன்னா உங்களுக்காக நான் பேச முடியாது. எனக்கும் பேச யாரும் இல்லை.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க எனக்குத் தெரியும். வாயில் தயாராகவே இருந்தது. எண் போடாதது யார், ஆமா ஆமா என்று சொன்னது யார், காலையில் என்னைக் கேட்காமலே திருப்பி அனுப்புகிறேன் என்று சொன்னது யார். கையை நீட்டி ரிசீவரை வாங்கினேன். என் நாற்காலி பக்கத்தில் இருந்தது. அது என் நாற்காலியா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. திரையில் சைபர்கள் அப்படியே நின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாலில் தலைகள் குனிந்திருந்தன. வருஷக் கடைசியில் அந்த நாற்காலிகள் ஒன்றுகூட அங்கே இருக்காது. ராதாபுரத்தில் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்று, என் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் முன்னால் நடப்பார். அந்த நடையைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“ஆமா சார்” என்றேன். “தப்பு என்னோடதுதான். மேல எது, கீழ எதுன்னு எனக்குக் குழம்பிட்டு.”

பெரிய சார் கோபப்படவில்லை. பரவாயில்லம்மா, புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும், இனிமே நிதானமா பண்ணுங்க என்று அன்பாகச் சொன்னார். சரி சார் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சார் ரிசீவரை வாங்கி, அவள் இங்கேயே இருக்கட்டும் சார் என்று சொல்லி, அந்தப் பக்கத்துப் பதிலைக் கேட்டுவிட்டு வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், தேங்க்ஸ்மா, இனிமே இதுதான் உங்க சீட் என்றார். ஜூலை வரைக்கும் காத்திருக்கக்கூட வேண்டியதில்லாமல் போயிற்று.

என் டிபன் பாக்ஸ் காலையிலேயே என்னோடு ஹாலுக்குப் போயிருந்தது. அதை எடுத்து வரப் போனேன். கண்ணாடிக் கதவு திறந்தே இருந்திருக்கிறது, போனில் பேசும்போது அதை நான் கவனிக்கவில்லை. அக்கா என் நாற்காலியில் திரும்பவும் தன் பையை வைக்கவில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வந்து நின்றதும் விரல்களை நிறுத்தினாள்.

“நீ அங்கன இருக்கது எனக்குச் சந்தோஷந்தாண்டி. நெசமாத்தான் சொல்லுதேன்” என்றாள். பிறகு பைய, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஆனா நம்ம யாருக்குமே மேல கீழ தெரியாதுன்னுல்லா சொல்லிட்டு வந்திருக்க.”

அவள் திரும்பவும் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.  டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போனேன்.